பிஷப் என்றால் யார்? ஆயரா, பேராயரா, மந்திரியா?

கேள்வி இதுதான்: பிஷப் என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? ஆயர், பேராயர் இரண்டும் ஒன்றா? செஸ் காய்க்கு ஏன் அதே பெயர்? மருத்துவ ரிப்போர்ட்டில்கூட பிஷப் ஸ்கோர் என்று வருகிறதே, அது என்ன?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவ சபைகளில், ஒரு வட்டாரத்திலுள்ள பல ஆலயங்களையும் அவற்றின் குருமார்களையும் மேற்பார்வையிடும் தலைவர்தான் பிஷப். ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் பாதிப் பேருக்கு அது தவறான பதிலாகிவிடும். ஒரு சபையில் பிஷப் ஆயுள் முழுக்கத் திருமணம் செய்யாதவர். இன்னொரு சபையில் அவர் பேரன் பேத்தி எடுத்தவராக இருப்பார். ஓரிடத்தில் பல லட்சம் பேருக்குத் தலைவர். வேறிடத்தில் பகலெல்லாம் தன் சொந்த வேலைக்குப் போய்விட்டு, மாலையில் சபைக் காரியங்களைச் சம்பளமில்லாமல் கவனிப்பவர். அதனால் இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் ‘எந்தச் சபை?’ என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். செய்திகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

சொல்லின் வேரைப் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘எபிஸ்கோபோஸ்’. ‘எபி’ என்றால் மேலே, ‘ஸ்கோபோஸ்’ என்றால் பார்ப்பவர். மேலிருந்து பார்த்துக்கொள்பவர், அதாவது கண்காணிப்பாளர். கிறிஸ்தவத்துக்கு முன்பே இது வழக்கில் இருந்த சொல்தான். பழைய ஏதென்ஸ் நகரம் தன் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களுக்கு அனுப்பிய அதிகாரிகளுக்கும் இதே பெயர். இந்தக் கிரேக்கச் சொல் லத்தீனில் ‘எபிஸ்கோபுஸ்’ ஆனது. அங்கிருந்து இத்தாலியனில் வெஸ்கோவோ, ஸ்பானிய மொழியில் ஒபிஸ்போ, பிரெஞ்சில் எவெக், ஜெர்மனில் பிஷொஃப், ஆங்கிலத்தில் பிஷப். கேட்க வேறு வேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வரும் இடங்களைப் பார்த்தால், இன்று நாம் நினைக்கும் தொப்பியும் கோலும் கொண்ட உருவம் அங்கே கிடையாது. பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரியிலேயே பவுல் ‘கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்’ என்று பன்மையில் வாழ்த்துச் சொல்கிறார். ஒரே ஊரில் பல கண்காணிகள். தீத்துவுக்கு எழுதியதில் மூப்பர் என்பதும் கண்காணி என்பதும் ஒரே ஆளைக் குறிப்பதுபோலவே வருகின்றன. அடுத்த சில பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார் எழுதிய கடிதங்களில் ஊருக்கு ஒரு பிஷப், அவருக்குக் கீழே மூப்பர்கள், அவர்களோடு உதவிக்காரர்கள் என்ற மூன்றடுக்கு தெளிவாகத் தெரிகிறது. 325-இல் பிஷப்புகள் பலர் கூடிய நிசேயா சங்கம், புதிய பிஷப்பை நியமிக்கக் குறைந்தது மூன்று பிஷப்புகளாவது நேரில் கூட வேண்டும் என்று விதி செய்தது. ஒருவர் தன்னிச்சையாகத் தன் ஆளை ஏற்றிவிட முடியாது என்பதுதான் அந்த விதியின் நோக்கம். மிகவும் நல்ல விதி என்பேன். கத்தோலிக்க சபையில் இன்றும் திருநிலைப்பாட்டில், அதாவது புதிய பிஷப்பைப் பதவியில் அமர்த்தும் சடங்கில், முதன்மை ஆயரோடு (ஆயர் என்றால் பிஷப்) இன்னும் இருவர் சேர்ந்து அவர் தலையில் கைவைப்பதற்கு மூலம் அதுவே.

இந்த இடத்தில்தான் சபைகள் பிரிகின்றன. அப்போஸ்தலர்கள் தங்களுக்கு அடுத்தவர்கள் தலையில் கைவைத்தார்கள், அவர்கள் அதற்கடுத்தவர்கள் தலையில் வைத்தார்கள், அந்தச் சங்கிலி அறுபடாமல் இன்றைய பிஷப் வரை வந்திருக்கிறது என்று கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் நம்புகிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கரும் இந்தத் தொடர்ச்சியை உரிமை கோருகிறார்கள். பிரெஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் சபைகள் இதை ஏற்பதில்லை. மூப்பரும் கண்காணியும் வேதத்தில் ஒன்றுதான், ஆகவே தனியாக ஒரு மேல்பதவி தேவையில்லை என்பது அவர்கள் வாதம். இது வெறும் இறையியல் சண்டையாக நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்தில் பிஷப் ஆட்சி வேண்டாம் என்று எழுந்த எதிர்ப்பு 1639-லும் 1640-லும் போராகவே வெடித்தது. வரலாற்றில் அதற்குப் பெயரே ‘பிஷப்புகளின் போர்கள்’.

சரி, தமிழுக்கு வருவோம். இங்கேதான் அதிகக் குழப்பம்.

கத்தோலிக்கத் தமிழில் பிஷப் என்றால் ஆயர். ஆர்ச்பிஷப் என்றால் பேராயர். தென்னிந்தியத் திருச்சபையிலோ பிஷப்பையே பேராயர் என்பார்கள். அந்தச் சபை முழுவதற்கும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படும் மாடரேட்டர் பிரதமப் பேராயர். ஆகவே ‘பேராயர் வந்தார்’ என்று ஒரு செய்தி சொன்னால், அவர் கத்தோலிக்கரா தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவரா என்று தெரியாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க முடியாது. ஒருவர் ஆர்ச்பிஷப், இன்னொருவர் பிஷப். நிர்வாக எல்லைக்கும் அப்படியே: கத்தோலிக்கர் மறைமாவட்டம் என்பார்கள், தென்னிந்தியத் திருச்சபையினர் திருமண்டலம் அல்லது பேராயம் என்பார்கள்.

பழைய நூல்களைப் புரட்டினால் மேற்றிராணியார் என்று வரும். இது சிரியாக் மொழிவழி வந்த ‘மெத்ரான்’ என்பதன் தமிழ் வடிவம். அத்தியட்சர் என்ற வடமொழிச் சொல்லும் சபை வழக்கில் இருந்தது. மேற்பார்வையாளர் என்றுதான் அதற்கும் பொருள். வேதாகம மொழிபெயர்ப்பில் உள்ள ‘கண்காணி’ கிரேக்க மூலத்துக்கு மிக நெருக்கமானது, அழகானதும்கூட. ஆனால் பதவிப் பெயராக அது நிலைக்கவில்லை. தேயிலை, ரப்பர் தோட்டங்களில் கூலிகளை வேலை வாங்கிய ‘கங்காணி’யும் அதே சொல்தானே, அந்த நிழல் விழுந்த பிறகு ஆலயத்துக்குள் அதைப் பெருமையாகச் சொல்வது கடினம். ‘ஆயர்’ வேறு வழியில் வந்தது. கால்நடை மேய்ப்பவர் என்ற பழந்தமிழ்ப் பொருளோடு, ‘நல்ல மேய்ப்பன்’ என்ற நற்செய்தி உருவகமும் சேர்ந்துகொண்டது. கையில் பிடிக்கும் வளைந்த கோலுக்கும் அது பொருந்துகிறது. என்னைக் கேட்டால் தமிழுக்குக் கிடைத்த நல்ல பெயர்களில் ஒன்று.

கடிதம் எழுத வேண்டி வந்தால்: கத்தோலிக்க ஆயருக்கு ‘மேதகு ஆயர்’ என்று தொடங்கி, பெயருக்குப் பின் ‘ஆண்டகை அவர்களுக்கு’ என்று எழுதுவது வழக்கம். தென்னிந்தியத் திருச்சபை என்றால் ‘பேராயர் அவர்களுக்கு’ என்று எழுதினால் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. நேரில் பேசும்போது பிஷப் என்று சொன்னாலும் எல்லாருக்கும் புரியும்.

கத்தோலிக்க சபையில் ஒருவர் எப்படி ஆயராகிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதை சீனியாரிட்டி படி வரும் பதவி உயர்வு என்று நினைக்கிறார்கள். திருச்சபைச் சட்டப்படி வயது 35-க்குக் குறையக் கூடாது, குருவாகி ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், விவிலியம், இறையியல், திருச்சபைச் சட்டம் ஆகியவற்றில் ஒன்றில் உயர்பட்டமோ உண்மையான புலமையோ இருக்க வேண்டும். பொதுவாக, அந்த நாட்டிலுள்ள திருத்தந்தையின் தூதர் ரகசியமாகப் பலரிடம் விசாரித்து மூன்று பெயர்களை ரோமுக்கு அனுப்புவார். முடிவு திருத்தந்தையுடையது. அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு வேறொருவரை நியமிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

திருநிலைப்பாட்டுச் சடங்கில் ஒரு பகுதியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முதன்மை ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் புதிய ஆயரின் தலையில் இரு கைகளையும் வைப்பார். வந்திருக்கும் மற்ற ஆயர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அப்படியே செய்வார்கள். பிறகு விரித்த நற்செய்தி நூலை அவர் தலைமேல் கவிழ்த்து வைத்து, செபம் முடியும்வரை இரண்டு திருத்தொண்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கப்புறம்தான் தலையில் எண்ணெய் பூசுவது, மோதிரம் அணிவிப்பது, உயர்ந்த தொப்பியான மைட்டரைச் சூட்டுவது, கோலைக் கையில் தருவது எல்லாம். அதிகாரச் சின்னங்கள் வருவதற்கு முன்பே வேதம் தலைமேல் ஏறிவிடுகிறது. நூலுக்குக் கீழேதான் நீ என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மைட்டரைப் பற்றி இன்னொரு செய்தி. திருப்பலி முழுக்க அதை அணிந்திருக்க மாட்டார், செபிக்கும்போது கழற்றிவிடுவார். உச்சந்தலையில் இருக்கும் சின்ன ஊதா நிறத் தொப்பியும் நற்கருணை மன்றாட்டின்போது இறங்கிவிடும். நிறத்தை வைத்து அடையாளம் காண்பதும் எளிது: ஆயருக்கு ஊதா, கர்தினாலுக்குச் சிவப்பு, திருத்தந்தைக்கு வெள்ளை. ஆயர் அமரும் இருக்கைக்கு லத்தீனில் ‘கதீத்ரா’ என்று பெயர். அந்த நாற்காலி இருக்கும் கோயில்தான் கதீட்ரல், நம் பேராலயம். கட்டடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஆயரின் இருக்கை அங்கே இல்லையென்றால் அது கதீட்ரல் ஆகாது.

75 வயது நிறைந்ததும் ஆயர் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட வேண்டும். எப்போது ஏற்பது என்பது திருத்தந்தையின் விருப்பம். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஆயர்தான், நிர்வாகப் பொறுப்பு மட்டும் போய்விடும். துணை ஆயர்களுக்குச் சொந்தமாக மறைமாவட்டம் இருக்காது என்பதால், பழங்காலத்தில் இருந்து மறைந்துபோன ஏதாவதொரு மறைமாவட்டத்தின் பெயரை அவர்களுக்குச் சூட்டுவார்கள். கர்தினால் என்பது ஆயருக்கு மேலான இன்னொரு திருநிலை என்று நினைக்க வேண்டாம். அது திருத்தந்தை தரும் தனிப் பொறுப்பு. ஏன், திருத்தந்தையே ஓர் ஆயர்தான், ரோமின் ஆயர். 2013-இல் தேர்வான அன்று மாடத்தில் நின்று பேசிய பிரான்சிஸ், ரோமுக்கு ஒரு ஆயரைக் கொடுப்பதற்காகத்தான் கர்தினால்கள் கூடினார்கள் என்றே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குருவானவர் திருமணமானவராக இருக்கலாம், பிஷப் இருக்க முடியாது. அதனால் பெரும்பாலும் துறவிகளிலிருந்தே தேர்ந்தெடுப்பார்கள். ஆங்கிலிக்க, லுத்தரன் பிஷப்புகள் திருமணம் செய்துகொள்ளலாம். பல ஆங்கிலிக்க, லுத்தரன் சபைகளில் பெண்களும் பிஷப்பாகலாம்: ஆங்கிலிக்க உலகின் முதல் பெண் பிஷப் பார்பரா ஹாரிஸ், 1989-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில். லுத்தரன் சபைகளில் மரியா யெப்சன், 1992-இல் ஹாம்பர்க்கில். இங்கிலாந்துத் திருச்சபை 2015-இல்தான் லிபி லேனைத் திருநிலைப்படுத்தியது. தென்னிந்தியத் திருச்சபை அதற்கு முன்பே, 2013-இல், புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக்கிவிட்டது.

மெதடிஸ்ட் கதை தனி. அமெரிக்காவில் பிரான்சிஸ் ஆஸ்பரி தன்னை பிஷப் என்று அழைக்க அனுமதித்தபோது, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குக் கோபம் வந்து 1788-இல் கண்டித்துக் கடிதமே எழுதினார். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. மோர்மன் சபையில் பிஷப் என்பவர் ‘வார்டு’ எனப்படும் ஒரே ஒரு உள்ளூர்ச் சபையின் தலைவர். சம்பளம் கிடையாது, பொதுவாக ஐந்து ஆண்டுகள் அளவுக்குப் பொறுப்பிலிருப்பார். நான் தொடக்கத்தில் சொன்ன, வேலைக்குப் போகும் பிஷப் இவர்தான். அமெரிக்காவில் பழைய எளிய வாழ்க்கை முறையைப் பின்பற்றும் ஆமிஷ் கிறிஸ்தவர்களிடம் பிஷப்பைத் தேர்ந்தெடுப்பது சீட்டுக் குலுக்கல் முறையில். தனித்து இயங்கும் சில சபைகளில் ஒரு பாஸ்டர் பல ஆலயங்களைத் தொடங்கிய பிறகு பிஷப் என்று அழைக்கப்படுவதும் உண்டு. அங்கே அந்தப் பட்டத்தின் எடை என்னவென்று தெரிய வேண்டுமானால், யார் கைவைத்து நியமித்தார்கள், எந்த அமைப்புக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்டுப் பாருங்கள்.

அரசியல் பக்கம் சிறு குறிப்பு போதும். இங்கிலாந்தில் பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் உண்டு. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கும் அண்டோராவில், ஸ்பெயினின் உர்ஹெல் பிஷப்பும் பிரான்ஸின் ஜனாதிபதியும் கூட்டு இளவரசர்கள், அதாவது நாட்டின் தலைவர்கள்.

இப்போது செஸ். இது எனக்கு மிகப் பிடித்த பகுதி.

அந்தக் காய் முதலில் யானை. இந்தியச் சதுரங்கத்திலிருந்து பாரசீகம் போய் ‘பில்’, அரபியில் ‘அல்-ஃபில்’, இரண்டுக்கும் பொருள் யானைதான். அரபு ஆட்டத்தில் அது மூலைவாட்டில் சரியாக இரண்டு கட்டம் தாவும். அப்படித் தாவினால் பலகையின் 64 கட்டங்களில் எட்டை மட்டுமே அது தொட முடியும். பாவம், மிகவும் பலவீனமான காய். அரபுக் கைவினைஞர்கள் யானையை உருவமாகச் செதுக்காமல், தந்தங்களைக் குறிக்க மேலே இரண்டு முனைகளை மட்டும் விட்டார்கள். ஐரோப்பியர் கண்ணுக்கு அது பிளவுபட்ட மைட்டர் தொப்பியாகத் தெரிந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வால்ரஸ் தந்தக் காய்களில் 16 பிஷப்புகள் இருக்கின்றன. தொப்பியும் கோலுமாக, சந்தேகத்துக்கு இடமில்லாத பிஷப்புகள்.

எல்லா மொழியும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ரஷ்யருக்கு அது இன்றும் யானை. ஜெர்மானியருக்கு ஓட்டக்காரன், பிரெஞ்சுக்காரருக்கு அரசவைக் கோமாளி. ஸ்பானியர் ‘அல்ஃபில்’ என்று அரபிப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். தமிழில் மந்திரி அல்லது அமைச்சர். ஆனால் ராணியை மந்திரி என்று சொல்லும் பழைய வழக்கமும் இருப்பதால், சொல்லித்தரும்போது எந்தக் காய் என்று தொட்டுக் காட்டிவிடுவது நல்லது. தமிழில் யானை என்றால் மூலையில் நிற்கும் காய் என்பதையும் மறக்க வேண்டாம். ரஷ்யப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பில் வரும் யானை வேறு.

15-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மூலைவாட்டில் எவ்வளவு தூரமும் போகலாம் என்ற இன்றைய நகர்வு ஐரோப்பாவில் நிலைபெற்றது. நடுக்கட்டத்தில் நின்றால் 13 கட்டங்களை ஆளும், மூலையில் நின்றால் 7. ஆனால் தொடங்கிய நிறத்தை விட்டு ஒருபோதும் மாறாது. இதனால் வரும் விசித்திரம் ஒன்று: வெள்ளையிடம் ராஜாவும், பலகையின் ஓரமான எச் வரிசையில் ஒரு சிப்பாயும், வெள்ளைக் கட்டத்தில் ஓடும் ஒரு பிஷப்பும் இருக்கின்றன, கறுப்பிடம் ராஜா மட்டும். பார்த்தால் வெள்ளைக்கு எளிய வெற்றி. ஆனால் சிப்பாய் ராணியாக வேண்டிய எச் 8 கறுப்புக் கட்டம். கறுப்பு ராஜா அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் பிஷப்பால் அவரைக் கிளப்பவே முடியாது, ஆட்டம் டிரா. செஸ் ஆடுபவர்கள் இதை ‘தவறான பிஷப்’ என்பார்கள். சிப்பாயை விட்டுக்கொடுத்துக் காய்களை வெட்டிக்கொள்ளும் முன் எந்தப் பிஷப் மிஞ்சுகிறது என்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கைக்கு வந்த ஆட்டங்கள் பல இதனால் நழுவியிருக்கின்றன.

மற்ற பயன்பாடுகளை வேகமாகச் சொல்கிறேன். குடும்பப் பெயராக பிஷப் ஆங்கிலத்தில் சாதாரணம்: கவிஞர் எலிசபெத் பிஷப், கிரெனடாவின் பிரதமராயிருந்த மோரிஸ் பிஷப், ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சராயிருந்த ஜூலி பிஷப். இவர்கள் யாரும் சபைத் தலைவர்கள் இல்லை, ஆகவே பெயரை ஆயர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ‘பிஷப்பின் களை’ என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் செடிகளில் ஒன்று நம் ஓமம். ஆப்பிரிக்காவில் தூக்கணாங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவை, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவைக்குச் செந்நிறமும் கறுப்புமாகச் சிறகு மாறுவதால், செம்பிஷப் எனப்படுகிறது. வானிலையியல் குறிப்புகளில் வரும் ‘பிஷப் வளையம்’ 1883-இல் கிரகட்டோவா எரிமலை வெடித்த பிறகு சூரியனைச் சுற்றித் தெரிந்த மங்கலான ஒளிவட்டம். ஹொனலுலுவில் அதைக் கவனித்து எழுதியவரின் பெயர் செரினோ பிஷப்.

கடைசியாக அந்த மருத்துவ ரிப்போர்ட். பிஷப் ஸ்கோர் என்பது எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1964-இல் வெளியிட்ட மதிப்பீடு. மருந்து கொடுத்துப் பிரசவ வலியைத் தொடங்க வைக்கலாமா என்று முடிவெடுக்கும் முன், கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா கெட்டியா, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 13. எட்டுக்கு மேல் என்றால் உடல் பிரசவத்துக்குத் தயாராக இருக்கிறது என்று பொருள். ஆறோ அதற்குக் குறைவோ என்றால் முதலில் கருப்பை வாயைப் பக்குவப்படுத்த வேண்டியிருக்கலாம். குறைந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தாயின் உடல்நலத்துக்கோ குழந்தையின் நலத்துக்கோ போட்ட மதிப்பெண் கிடையாது. அன்றைய நிலையை மட்டும் காட்டுகிறது, நாளாக ஆக மாறக்கூடியது, அதனால் தேவைப்பட்டால் மருத்துவர் மறுபடியும் பார்த்துப் போடுவார்.